தையில் பூசை, தண்ணீரில் கடைக்கால்

கடலூரில் கடை, வணிக வளாகம், திருமண மண்டபம் என்று எதைக் கட்ட நினைப்பவரும் பொங்கல் கழிந்ததும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்றே சொல்கிறார். மார்கழி முழுவதும் பொறுத்திருந்தவருக்குத் தை பிறந்ததும் கை துறுதுறுக்கிறது. தை 12ஆம் நாள் வாஸ்து நாளாகவும் இருப்பதால் சோதிடரும் அதையே குறித்துக் கொடுத்துவிடுகிறார். ஆனால் வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் ஊர் இது. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீர் ஆண்டிலேயே மிக மேலே நிற்கும் காலத்தில்தான் நாம் பொக்லைனை மனைக்குள் இறக்குகிறோம். மஞ்சக்குப்பத்தின் தாழ்ந்த பகுதிகளில் தை மாதம் நான்கைந்து அடி தோண்டியதுமே குழியின் பக்கங்களில் ஊற்றுக் கசியத் தொடங்கிவிடும். அதே மனையை ஆனிக் கடைசியில் தோண்டினால் அதே ஆழத்தில் கால் நனையாமல் நின்று கம்பி கட்டலாம்.

கட்டடப் பொறியியல் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்த பிறகு எனக்கு ஏற்பட்டிருக்கும் கருத்து இதுதான்: நம் ஊரில் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், கெடுவதற்கு மண் வலுவற்றிருப்பது மட்டுமே காரணம் ஆவது அரிது, தண்ணீர் எப்போது எங்கே நிற்கும் என்று கேட்காமல் வேலை செய்வதே பெரும்பாலும் காரணம். எந்த நிறுவனத்தின் கம்பி வாங்கலாம், எந்தச் சிமென்ட் நல்லது என்று மணிக்கணக்கில் பேசும் உரிமையாளர்கள், எந்த மாதத்தில் வானம், அதாவது கடைக்கால் குழி, தோண்டலாம் என்று பொறியாளரைக் கேட்பதே இல்லை. நாள் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. பூசைக்கு ஈசானிய மூலையில் ஒரு முழக் குழி போதும். அதைத் தையிலேயே செய்துவிட்டு, மண் பரிசோதனை, வரைபடம், கட்டட அனுமதி ஆகியவற்றை மாசி, பங்குனி, சித்திரையில் முடித்துக்கொண்டு, வைகாசியில் நிலத்தைத் திறக்கலாம். வாஸ்து நாளில்தான் தோண்ட வேண்டும் என்றால் வைகாசி 21 இருக்கிறது. ஆடி 11ஆம் நாளும் வாஸ்து நாள்தான். ஆனால் ஆடி என்ற பெயரைக் கேட்டதுமே பின்வாங்குகிறார்கள், சாத்திரத்தைவிட வழக்கம் வலியது போலும்.

மண்ணைப் பொறுத்தவரை கடலூர் ஒரே ஊர் அல்ல. கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே திருப்பாதிரிப்புலியூரைக் கடந்து கேப்பர் மலைப் பக்கம் ஏறினால் கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் ஊரின் பெயராலேயே அழைக்கும் பாறை அடுக்கின் மேல் நிற்கிறோம். செம்மண்ணும் செம்புறைக் கல்லுமாக இறுகிக் கிடக்கும் அந்த மேட்டில் நான்கு மாடிக்குத் தூணுக்குத் தூண் தனித்தனி ஃபுட்டிங் (தூணின் சுமையை மண்ணில் பரப்பும் கான்கிரீட் பீடம்) போட்டாலே தாராளமாகப் போதும். கிழக்கே கடலை நோக்கி வர வர மணலாகிறது. தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு ஆகியவற்றின் ஓரங்களில் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலும் மணலும் மாறி மாறி அடுக்குகளாக இருக்கின்றன. முதுநகர்ப் பக்கம் சேற்றுக் களி கலந்த உவர் நிலமும் உண்டு. ஒரு தெருவின் இந்த முனையில் நல்ல மணலும் அந்த முனையில் தூர்த்த குட்டையும் இருக்கலாம். ஆகவே பக்கத்து மனையின் மண் பரிசோதனை அறிக்கையைப் படியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளும் வழக்கம் வேறு ஊரில் எப்படியோ, இங்கே ஆபத்தானது. மனை வாங்கும்போதே பழைய வருவாய்த்துறை வரைபடத்தை எடுத்து அந்தப் புல எண்ணில் குளம், வாய்க்கால், ஓடை என்று ஏதாவது இருந்ததா என்று பார்ப்பது இரண்டு மணி நேர வேலை. அதைச் செய்பவர்கள் குறைவு.

பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதை உரிமையாளர் ஒரு முறையாவது உடனிருந்து பார்க்க வேண்டும் என்பேன். முக்காலி நட்டு, துளை போட்டு, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு அடிக்கிறார்கள். முதல் 15 சென்டிமீட்டர் கணக்கில் வராது. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்பதுதான் அந்த ஆழத்து மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் என்-மதிப்பு. குழாயை மேலே தூக்கி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வைக்கும்போது உள்ளே இருப்பதைப் பார்த்தால் எந்த அறிக்கையும் தராத தெளிவு கிடைக்கும். மேலே பழுப்பு மணல், அதற்குக் கீழே சிப்பித் துண்டுகள் கலந்த சாம்பல் நிற நுண்மணல், அதற்கும் கீழே விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற, அழுகிய இலையின் வாடை வீசுகிற கருங்களி என்று ஒரு கை நீளத்துக்குள்ளேயே மூன்று வகை வந்துவிடும். அந்தக் கருங்களி எத்தனை அடி ஆழத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் தனி ஃபுட்டிங்கா, மனை முழுவதும் விரியும் ஒரே கான்கிரீட் பலகையான ராஃப்டா, ஆழத்துக்கு இறங்கும் தூண்களான பைலா என்பதை முடிவு செய்கிறது. ஏறக்குறைய ஓர் ஏக்கர், அதாவது 0.4 ஹெக்டேர் பரப்புள்ள மனைக்கு நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து துளைகள் என்கிறது இந்தியத் தர விதியான ஐஎஸ் 1892. சிறு கட்டடத்துக்கு நடுவில் ஒன்று போதும் என்றும் அதுவே சொல்கிறது. ஆனால் ஆற்றோரத்து மனைக்கு அந்த ஒற்றைத் துளையை நான் ஏற்பதில்லை; குறைந்தது எதிரெதிர் மூலைகளில் இரண்டு வேண்டும் என்று கேட்டு வாங்குவேன்.

அறிக்கை வந்ததும் எல்லோரும் தாங்குதிறன் எத்தனை டன் என்ற ஓர் எண்ணைத்தான் தேடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது நீர்மட்டமும் அதை அளந்த தேதியும். மே மாதத்தில் துளை போட்டுப் பத்து அடியில் தண்ணீர் என்று எழுதியிருந்தால், கார்த்திகையில் அது மூன்று அடிக்கு ஏறிவரும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மணலில் நீர்மட்டம் ஃபுட்டிங்கின் அடிவரை ஏறிவிட்டால் மணலின் செயல்படும் எடை மிதப்பால் குறைந்து, தாங்குதிறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கோடையில் எடுத்த எண்ணை அப்படியே வைத்து வடிவமைத்தால் முதல் ஐப்பசியிலேயே கட்டடம் தன் கணக்கைக் கேட்கும்.

இந்த ஓர் எண் செலவை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட கடைத்தொகுதி, தூண்களுக்கு இடையே 6 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நடுத்தூண் ஒன்று ஒவ்வொரு தளத்திலும் 30 சதுர மீட்டரைச் சுமக்கிறது; சுவர், தரை, ஆள், சரக்கு எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஒன்றேகால் டன் என்றால் நான்கு தளத்துக்கு 150 டன், ஃபுட்டிங்கின் எடைக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 165 டன். மண் சதுர மீட்டருக்கு 15 டன் தாங்குமானால் 11 சதுர மீட்டர் போதும், 3.3 மீட்டர் சதுரத்தில் முடிந்துவிடும். அதே மண் நீரேறி 8 டன்தான் தாங்கும் என்றால் 20 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும், நாலரை மீட்டர் சதுரம். இருக்கும் 30 சதுர மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கை ஃபுட்டிங்கே அடைத்துக்கொள்ளும்போது தனித்தனியாகக் குழி தோண்டுவதில் பொருளில்லை. முழு மனைக்கும் ஒரே ராஃப்டாகப் போட்டுவிடுவதுதான் கணக்கிலும் வேலையிலும் எளிது. பாதிப் பரப்புக்கு மேல் ஃபுட்டிங் போனால் ராஃப்ட் என்பது எங்கள் தொழிலில் பழகிய அளவுகோல்.

கட்டடம் கொஞ்சம் இறங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எல்லாத் தூணும் ஒன்றுபோல் இறங்கினால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. மணலில் நிற்கும் கான்கிரீட் சட்டகக் கட்டடத்தின் தனி ஃபுட்டிங் 50 மில்லிமீட்டர் வரை இறங்கலாம் என்று ஐஎஸ் 1904 இடம் கொடுக்கிறது. ஆனால் அடுத்தடுத்த இரு தூண்களுக்கு இடையே உள்ள இறக்க வேறுபாடு இடைவெளியில் 666இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 6 மீட்டர் இடைவெளிக்கு அது வெறும் 9 மில்லிமீட்டர். பாதி மனை பழைய மணலிலும் பாதி மனை தூர்த்த குட்டையிலும் நின்றால் 9 மில்லிமீட்டர் வித்தியாசம் வர எத்தனை மழைக்காலம் வேண்டும்?

வணிக மனைகளுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. வீடு கட்டுபவர் சுற்றிலும் இடம் விடுகிறார். கடைவீதியில் பழைய மனைகள் பலவற்றில் சுவரோடு சுவராக நிற்கும் கட்டடங்களுக்கு இடையே புதிதாக எழுப்ப வேண்டியிருக்கிறது. எல்லைக் கோட்டில் நிற்கும் தூணின் ஃபுட்டிங் அடுத்தவர் நிலத்துக்குள் நீள முடியாது. ஆகவே தூண் ஃபுட்டிங்கின் நடுவில் உட்காராமல் ஓரத்தில் உட்காரும். ஓரத்தில் உட்கார்ந்த சுமை ஃபுட்டிங்கைச் சாய்க்கப் பார்க்கும். அதை உள்ளே உள்ள அடுத்த ஃபுட்டிங்கோடு ஒரு கனத்த உத்தரத்தால் பிணைத்தாக வேண்டும். ஸ்ட்ராப் பீம் என்று வரைபடத்தில் இருக்கும் அந்த உத்தரத்தை, ‘இது எதற்கு வீணாக’ என்று தளத்தில் வெட்டிவிடப் பார்க்கும் மேஸ்திரிகள் உண்டு. கட்டடம் முழுவதிலும் விட்டுக்கொடுக்கக் கூடாத ஓர் உத்தரத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பக்கத்துக் கட்டடம் பழையது என்றால் கவலை இன்னும் கூடும். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பழைய சுவர்கள் ஆழமில்லாத கடைக்காலில் நிற்கின்றன; கடலூர் முதுநகரிலும் அப்படித்தான். அந்தச் சுவரின் அடியைவிட ஆழமாக நாம் தோண்டினால் அதற்குக் கீழே உள்ள மணல் நம் குழிக்குள் சரியும். மணலில் இரண்டு ஃபுட்டிங்குகளின் கீழ் விளிம்புகளை இணைக்கும் கோடு, கிடையாக இரண்டுக்குச் செங்குத்தாக ஒன்று என்ற சரிவைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது விதி. இடமில்லாத மனையில் அதை எட்டுவது கடினம் என்பதால், எல்லையோரக் குழிகளை ஒரே நாளில் வரிசையாகத் திறக்காமல் ஒன்று விட்டு ஒன்றாகத் திறந்து, கான்கிரீட் போட்டு மூடிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். தொடங்கும் முன் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வைத்துக்கொண்டு அவர் சுவரில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளைப் படம் எடுத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. பின்னால் வரும் பஞ்சாயத்துகளில் பாதி அந்தப் படங்களிலேயே தீர்ந்துவிடும்.

இனித் தண்ணீர் இறைப்பது. குழியின் மூலையில் ஒரு பள்ளம் வெட்டி மோட்டாரை இறக்கி இறைப்பதுதான் நம் ஊர் வழக்கம். களிமண்ணுக்கு அது சரி. நுண்மணலில் அது பெருங்கேடு, ஏனெனில் தண்ணீரோடு மணலும் சேர்ந்து வெளியே போகிறது. குழியின் அடியிலிருந்து தண்ணீர் மேல்நோக்கிப் பாயும் வேகத்தில் மணல் துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, கஞ்சி கொதிப்பதுபோல் அடித்தரை குமிழிட்டுப் பொங்கும். அந்த நிலையை அடைந்த மணலுக்கு அறிக்கையில் எழுதிய தாங்குதிறன் கிடையாது. மோட்டார் கொட்டும் இடத்தில் ஒரு வாளியை வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்: அடியில் மணல் படிந்திருந்தால், பக்கத்துக் கட்டடத்தின் அடியிலிருந்தும் அது வந்துகொண்டிருக்கலாம். இப்படிப்பட்ட மனைக்கு வெல் பாயிண்ட் முறைதான் வழி. குழியைச் சுற்றிலும் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் சல்லடை முனை பொருத்திய குழாய்களை இறக்கி, எல்லாவற்றையும் ஒரே தலைக்குழாயில் இணைத்து, வெற்றிட மோட்டாரால் உறிஞ்சினால் மணல் தன் இடத்திலேயே இருக்கத் தண்ணீர் மட்டும் இறங்கும். ஒரு வரிசைக் குழாய்க்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர் வரை இறக்கும் திறன் உண்டு. வாடகையும் டீசலும் சேர்ந்து கையைக் கடிக்கத்தான் செய்யும். வைகாசியில் தோண்டச் சொல்வதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம். மோட்டாரை எப்போது நிறுத்துவது என்பதிலும் அவசரம் கூடாது. கான்கிரீட் போட்ட அன்றிரவே நிறுத்தினால் இறுகாத கான்கிரீட்டுக்குள் ஊற்று புகுந்து சிமென்ட் பாலைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

குழியின் அடியை எட்டியதும் கடைசி அரை அடியை பொக்லைனுக்கு விடாமல் ஆள் வைத்து வெட்ட வேண்டும், பல் பட்டுக் கிளறிய மண் அடியில் இருக்கக் கூடாது. தவறுதலாக ஆழமாக வெட்டிவிட்டால் எடுத்த மண்ணையே திருப்பிப் போட்டு மிதித்துச் சமன் செய்வது வேண்டாம். அந்த ஆழத்தையும் பிசிசியாலேயே (குழியின் அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்) நிரப்பிவிட வேண்டும். கறையான் மருந்து தெளிப்பதை ஐஎஸ் 6313 சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்கிறது. அதுபற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, தண்ணீர் ஊறும் குழியில் மட்டும் தெளிக்காதீர்கள்.

கான்கிரீட்டில் நம் கடலோரத்துக்கு முக்கியமானது உப்பு. கடற்கரைச் சூழலுக்குக் குறைந்தது எம் 30 தரம் என்றும், தீங்கான மண்ணிலோ நிலத்தடி நீரிலோ புதையும் கான்கிரீட்டுக்கு எம் 35 என்றும் ஐஎஸ் 456 கேட்கிறது. ஃபுட்டிங் கம்பிக்கு 50 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம், வேண்டும், அதையும் கான்கிரீட்டில் வார்த்த கவர் பிளாக் வைத்தே தர வேண்டும். உடைந்த மார்பிள் துண்டும் கருங்கல் ஜல்லியும் கம்பி கட்டுபவர் மேலே நடந்ததும் நகர்ந்துவிடும். உப்பு என்று கேட்டதும் சல்பேட் தாங்கும் சிமென்ட்டை வாங்கி வந்துவிடுகிறார்கள். சல்பேட்டோடு குளோரைடும் சேர்ந்துள்ள இடத்தில் அது பொருத்தமில்லை; ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட் நல்லது. கலக்கும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், கம்பியிட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. மனையிலேயே போர் போட்டு, வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரில் கான்கிரீட் கலக்கும் காட்சியை இன்றும் பார்க்கிறேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரைபுரண்டு வந்ததிலிருந்து, பேஸ்மட்டத்தை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு ஊரெல்லாம் கேட்கிறது. சாலை மட்டத்திலிருந்து நான்கடி, ஐந்தடி என்று ஏற்றுகிறார்கள். வெள்ளத்துக்கு அது சரியான விடைதான், ஆனால் நான்கடி கிராவல் என்பது சதுர மீட்டருக்கு இரண்டு டன்னுக்கு மேல் எடை. மேலே கணக்குப் போட்டோமே, ஒரு தளம் ஒன்றேகால் டன் என்று. அப்படியானால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மாடிச் சுமையை மனை முழுவதும் பரப்பி வைக்கிறோம், அதுவும் தூணோ ஃபுட்டிங்கோ இல்லாமல் நேராக மண்ணின் தலையில். அடியில் களி இருந்தால் அது மெல்ல மெல்ல அமுங்கும், அமுங்கும்போது தரையையும் பக்கத்து ஃபுட்டிங்கையும் சேர்த்து இழுக்கும். அத்தகைய மனையில் முடிந்தால் ஒரு பருவமழைக்கு முன்பே நிரப்பிப் போட்டுவிட்டு, அடுத்த கோடையில் கடைக்கால் எடுப்பது நல்லது. வாடகை வருமானம் ஓராண்டு தள்ளிப்போகும் என்பார்கள்; உண்மைதான்.

நிரப்புவதிலும் ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. லாரி லாரியாகக் கொட்டி, மேலே தண்ணீரைத் தேக்கிவிட்டால் மண் தானே அமர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தூய மணலுக்கு அது ஓரளவு பலிக்கும். களி கலந்த கிராவலுக்கோ சவுடு மண்ணுக்கோ பலிக்காது. சேறாகிக் காய்ந்து, மேலே கெட்டியாகவும் உள்ளே தளர்வாகவும் நின்று, இரண்டாம் ஆண்டில் கடைக்குள் டைல்ஸ் தட்டினால் ‘டொப் டொப்’ என்று ஒலிக்கும். எட்டு அங்குலத்துக்கு மேற்படாத அடுக்காகப் பரப்பி, பிடித்தால் உருண்டையாக நிற்கும், விரலில் ஒட்டாத ஈரத்தில், ரேமர் கொண்டு இடித்து, ஒவ்வோர் அடுக்கிலும் கோர் கட்டர் இறக்கிப் பார்க்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் விட்டமும் பதின்மூன்று சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஓர் இரும்பு வளையம்தான் அது. அதில் வரும் மண்ணின் உலர் அடர்த்தி ஆய்வகத்தில் கிடைத்த உச்ச அடர்த்தியில் 95 விழுக்காட்டைத் தொட்டால் அடுத்த அடுக்குக்குப் போகலாம். கேப்பர் மலைச் செம்மண் இதற்கு அருமையான பொருள், கனிமவளத் துறையின் அனுமதிச் சீட்டோடு வந்தால். இடித்த வீட்டின் செங்கல், பிளாஸ்டிக் பை, மரத்துண்டு கலந்த கழிவை ‘சும்மா கிடைத்தது’ என்று கொட்டுபவர்களிடம் நான் வாதாடுவதில்லை, வேறு பொறியாளரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.

நிலத்தடித் தொட்டியையும் கடைக்கால் வேலையோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அளவுள்ள தொட்டியின் அடித்தளத்துக்கு மேல் வெளிநீர் ஒன்றரை மீட்டர் ஏறினால் 18 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். 15 சென்டிமீட்டர் சுவரும் 20 சென்டிமீட்டர் அடித்தளமும் கொண்ட இரண்டு மீட்டர் ஆழத் தொட்டி, மேல்தளம் போடும் முன் ஏறக்குறைய 16 டன்தான் இருக்கும். ஐப்பசியில் அதைக் காலியாக விட்டுவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போன ஒப்பந்ததாரர் திரும்பி வந்தபோது தொட்டி ஒரு பக்கம் அரையடி எழும்பி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஓர் அடி நீட்டி அதன்மேல் மண்ணை ஏற்றலாம். அதுவரை தொட்டியில் தண்ணீரை நிரப்பி வைத்தாலே போதும்.

கடைசியாக, கோப்பு. ஒவ்வொரு குழிக்கும் பிசிசி போடும் முன் எடுத்த படம், அதன் அடிமட்ட அளவு, அன்று தண்ணீர் நின்ற உயரம், மண் அறிக்கை, கோர் கட்டர் முடிவுகள், கடைசியாகத் திருத்திய ஃபுட்டிங் வரைபடம் ஆகிய அனைத்தையும் உரிமையாளர் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் கடை நன்றாக ஓடினால் ஐந்தாறு ஆண்டில் மேலே இன்னொரு மாடி எழுப்ப வருவார்கள். அந்த ஆவணங்கள் இல்லையென்றால் மூடிய தரையை உடைத்துத் தூணின் அடிவரை தோண்டிப் பார்க்காமல் எந்தப் பொறியாளராலும் சரி என்று கையெழுத்துப் போட முடியாது.